பச்சையா, நீலமா, சிவப்பா? தோட்டா மறுநிரப்புவோரின் பிராண்டுப் பற்றும் கருவிகளின் உண்மைத் தரமும்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் ஒரு பிரிவினர் சுட்டு முடித்ததும் உடனே கிளம்பிவிடுவதில்லை. தரையில் சிதறிக் கிடக்கும் பித்தளைக் கூடுகளைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, அதே கூட்டில் புதிய வெடிமருந்தும் குண்டும் ஏற்றி, மறுபடியும் சுடத்தக்க தோட்டாவாக்கிவிடுவார்கள். ரீலோடிங் என்பது இதுதான். 'எந்தக் கருவி வாங்கலாம்?' என்று இவர்களிடம் கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரு நிறமாகத்தான் வரும். பச்சை என்றால் ஆர்.சி.பி.எஸ். நீலம் என்றால் டில்லன். சிவப்பு என்றால் லீ அல்லது ஹார்னடி. ஆரஞ்சு என்றால் லைமன். கருவிக்குப் பூசிய வண்ணமே நிறுவனத்தின் பெயராகிவிட்டது. நீலக்காரர் சிவப்பை ஏற்கமாட்டார். பச்சைக்காரர் தாத்தா காலத்துப் பிரஸ் பொறியைக் காட்டி வாதத்தை முடித்துவிடுவார்.

புதிதாக வருபவர் இந்தச் சண்டையின் நடுவே திகைத்துப் போகிறார். இந்தப் பற்று வெறும் பிடிவாதம் அல்ல, அதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, கருவியின் தரத்தோடு தொடர்பே இல்லாதவை. எது தரம், எது பழக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் காசையும் கையையும் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே பேசப்படுவதெல்லாம் அமெரிக்க வீடுகளின் பட்டறை மேசைகளைப் பற்றித்தான்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப்போல் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டுகிறது. அதிலிருந்து கிளம்பும் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. எரியும் மருந்தின் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். எஞ்சுவது கூடு மட்டும். நான்கில் விலை அதிகமானது பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கி எறிய மனம் வராததில்தான் இந்தப் பொழுதுபோக்கே தொடங்குகிறது.

சுட்ட கூடு, துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்து போயிருக்கும். அதைப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். இங்கேதான் பிரஸ் வருகிறது. பிரஸ் என்பது மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு நெம்புகோல் பொறி. அதன் தலையில் டை எனப்படும் எஃகு அச்சு மரையோடு முறுக்கப்பட்டிருக்கும். மசகு தடவிய கூட்டைக் கீழேயுள்ள தாங்கியில் செருகி நெம்புகோலை இழுத்தால், தண்டு மேலேறிக் கூட்டை டைக்குள் நுழைக்கும். பாதி வழியில் கையில் ஒரு கனத்த இறுக்கம் தெரியும். பித்தளை சுருங்குகிறது என்பதன் அடையாளம் அது. இன்னும் சற்று அழுத்தினால் டையின் நடுவிலுள்ள ஊசி செத்த பிரைமரை வெளியே தள்ளும். அது கிண்ணத்தில் 'டிக்' என்று விழும். பிறகு புதிய பிரைமரை அதன் குழிக்குள் அழுத்த வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் அது கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் ஆபத்து. அடுத்து, அளந்த மருந்து. கடைசியில் இன்னொரு டை குண்டைக் கழுத்தில் பதிக்கும்.

வேலை இவ்வளவுதான். ஆனால் இதன் பின்னாலுள்ள அழுத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தோட்டாக்களின் அளவுகளையும் அழுத்த வரம்புகளையும் நிர்ணயிக்கும் சாமி என்ற தொழில் அமைப்பு 1926-இல் தொடங்கப்பட்டது. அதன் வரையறைப்படி 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு 62,000. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 30, 35 பவுண்டுதான். அவ்வளவு பெரிய அழுத்தம் கன்னத்துக்கு அரை அடி தூரத்தில் அடைபட்டிருக்கிறது. அதைத் தன் கையால் நிரப்பியவருக்குக் கருவியின் மேல் இருப்பது வெறும் விருப்பம் அல்ல, உயிரை ஒப்படைத்த நம்பிக்கை. இத்தனை ஆண்டுகளாகக் கைவிடாத கருவியை மாற்ற யாருக்குத்தான் மனம் வரும்? பிராண்டுப் பற்றின் ஆணிவேர் இந்த அச்சம்தான் என்பது என் எண்ணம்.

நிறங்களுக்குப் பின்னால் மனிதர்கள்

இரண்டாவது வேர், இந்த நிறுவனங்கள் பிறந்த விதம். பெரும்பாலானவை பெரிய ஆலைகளாகத் தொடங்கவில்லை. சுடுவதில் பித்துப்பிடித்த ஒரு தனி மனிதரின் பட்டறையில் தொடங்கின.

பச்சையின் கதை 1943-இல், கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற சிற்றூரில். பிரெட் ஹண்டிங்டன் தன் தந்தையின் சலவைக்கடையின் பின்பகுதியில் வேலையைத் தொடங்கினார். போர்க்காலம், நல்ல குண்டுகள் கடையில் கிடைக்கவில்லை. சுட்டு எறிந்த .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டாவின் கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் டைகளை அவர் செய்தார். ராக் சக் எனப்படும் மார்மட் வகைக் கொறிவிலங்கை வேட்டையாடத்தான் அந்தக் குண்டுகள். 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்ற அந்தக் கருவியின் பெயரே சுருங்கி ஆர்.சி.பி.எஸ். ஆயிற்று. அவர்களுடைய ராக் சக்கர் பிரஸ் இன்றும் பல பட்டறைகளில் நிற்கிறது.

அதே காலத்தில் ஜாய்ஸ் ஹார்னடியும் வெர்னன் ஸ்பியரும் அதே .22 கூடுகளைக் கொண்டு குண்டு செய்துகொண்டிருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு வழியில் பிரிந்தார்கள். ஹார்னடி 1949-இல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்ட் நகரில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார்; 1971-இல் பசிபிக் என்ற கருவி நிறுவனத்தை வாங்கித்தான் பிரஸ் தொழிலுக்குள் வந்தார்.

லைமன் இவர்களுக்கெல்லாம் மூத்தது. 1878-இல் கனெக்டிகட் மாநிலத்தில் துப்பாக்கிக் குறிநோக்கிகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 1925-இல் ஐடியல் நிறுவனத்தை வாங்கியதோடு, கையில் பிடித்து அழுத்தும் இடுக்கி வடிவ மறுநிரப்பிகளும் அதன் கைக்கு வந்தன.

சிவப்பு லீ, நேர்மாறான வழியில் வந்தது. ரிச்சர்ட் லீ 1958-இல் கொண்டுவந்த லீ லோடருக்குப் பிரஸ்ஸே தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் சில எஃகுத் துண்டுகள், கூடவே ஒரு மரச்சுத்தியல். தட்டித் தட்டியே தோட்டாவை நிரப்பிவிடலாம். முதலில் ஷாட்கன் தோட்டாவுக்கும், பிறகு ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் வந்தது. காசில்லாதவனும் நிரப்பட்டும் என்பதுதான் விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டிலிருந்து வரும் இந்த நிறுவனத்தின் அடையாளம். எத்தனையோ பேருக்கு இதுதான் முதல் கருவி.

நீலத்தின் கதை முற்றிலும் வேறு. மைக் டில்லன் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தில் விமானி. இயந்திரத் துப்பாக்கிகள் மேல் அவருக்குத் தீராத மோகம். இயந்திரத் துப்பாக்கிக்கு எவ்வளவு தோட்டா நிரப்பினாலும் நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றாக நிரப்பும் பிரஸ் எதற்கு ஆகும்? அந்நாளில் ஸ்டார் என்ற நிறுவனம் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வரிசையாக நிரப்பும் பொறியைச் செய்துவந்தது. டில்லன் அதை ரைஃபிள் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றித் தரத் தொடங்கினார். பிறகு சொந்தப் பொறிகளையே வடிவமைத்தார். ஐ.பி.எஸ்.சி. என்ற வேகச் சுடுதல் விளையாட்டு அமைப்பு 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் உருவானது. அதில் இறங்கியவர்களுக்குப் பயிற்சிக்கே ஆயிரக்கணக்கில் தோட்டா தேவைப்பட்டது. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலிலிருந்து வந்த நீலப் பொறிகள் அந்தப் பசிக்குச் சரியான நேரத்தில் கிடைத்தன. போட்டியாளர்களிடையே டில்லன் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். அவர் 2016-இல் காலமானார்.

இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மனிதர், ஒரு ஊர், ஒரு தேவை. ஆனால் அந்த மனிதர்கள் போய்விட்டார்கள். சில நிறுவனங்களும் கைமாறிவிட்டன. ஆர்.சி.பி.எஸ். பல முதலாளிகளைப் பார்த்து, 2024-இல் ஹாட்ஜ்டன் என்ற மருந்து நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. பச்சை வண்ணம் மட்டும் மாறவில்லை. பெயரை நம்பி வாங்குபவர் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

உத்தரவாதம் விதைத்த விசுவாசம்

ஒரு நீலக்காரரிடம் ஏன் டில்லன் என்று கேட்டால், பொறியின் வேகத்தைவிட அதன் உத்தரவாதத்தைத்தான் முதலில் சொல்வார். வீட்டு உபயோகத்துக்கான டில்லன் பிரஸ்களுக்கு ஆயுள் உத்தரவாதம். பொறி எத்தனை கை மாறியிருந்தாலும் அது செல்லும். பாகம் உடைந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னால், புதுப்பாகம் தபாலில் வந்துவிடும். வணிக உபயோகத்துக்கு நிகரான பெரிய பொறிகளுக்கு மட்டும் இந்த ஆயுள் உத்தரவாதம் இல்லை. அதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். பழைய பிரஸ்ஸுக்கும் கேள்வி கேட்காமல் பாகம் அனுப்பும் பெயர் ஆர்.சி.பி.எஸ்ஸுக்கும் உண்டு. தந்தை விட்டுச்சென்ற பிரஸ்ஸுக்கு மகன் ஒரு சிறு ஊசி கேட்டு, அது காசில்லாமல் வந்து சேர்ந்தால், அவன் ஆயுள் முழுவதும் அந்த நிறத்தை விடமாட்டான். நியாயமான விசுவாசம்தான்.

லீ இதில் வேறு கணக்குப் போடுகிறது. 2 ஆண்டு உத்தரவாதம். அதன் பிறகு, இப்போதும் தயாரிப்பில் உள்ள கருவி எந்த நிலையில் இருந்தாலும், சில்லறை விலையில் பாதியைக் கட்டி ஆலைக்கு அனுப்பினால் புதிதுபோல் ஆக்கித் தருகிறார்கள். கேட்பதற்கு டில்லனைவிடக் குறைவாகத் தோன்றும். ஆனால் லீயின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயுள் உத்தரவாதம் இனாம் அல்ல. அதற்கான பணத்தை முதல் நாளே விலையில் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அதிகமாக நிரப்புபவருக்கு அது லாபம். மாதத்துக்கு ஒரு முறை ஒரு பெட்டி நிரப்புபவர், தேயாத பாகத்துக்கு முன்பணம் கட்டுகிறார். இந்தக் கணக்கை நிறச் சண்டையில் யாரும் போடுவதில்லை.

ஒரே மரை

நிறங்களுக்கிடையே பகை இருந்தாலும் கருவிகளுக்கிடையே இல்லை. புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். பிரஸ்ஸின் தலையில் டையை முறுக்கும் மரை, 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றும் கொண்டது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் இதே அளவு. லீ டையை ஆர்.சி.பி.எஸ். பிரஸ்ஸில் முறுக்கலாம், ரெடிங் என்ற நிறுவனத்தின் டையை லீ பிரஸ்ஸில் முறுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றைநிலைப் பிரஸ்களின் கூடுதாங்கிகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

எனவே ஒரே நிறத்தில் எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒற்றைநிலைப் பிரஸ்ஸில் இல்லை. பழுத்த அனுபவசாலிகளின் மேசையில் எல்லா நிறமும் கலந்தே கிடக்கும்: பிரஸ் பச்சை, டை சிவப்பு, தராசு ஆரஞ்சு.

நிலைமை மாறுவது புரொகிரெசிவ் எனப்படும் தொடர்நிலைப் பொறியில். அதில் கூடுகள் வட்டத் தட்டில் வரிசையாக நிற்கும். நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒவ்வொரு கூட்டிலும் ஒவ்வொரு வேலை நடக்கும். எல்லா நிலைகளும் நிரம்பிய பிறகு, இழுப்புக்கு ஒரு தோட்டா. அந்த வட்டத் தட்டும், டைகளை ஏந்தும் தலைப்பலகையும், அளவு மாற்றும் பாகங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சில சமயம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வேறு. டில்லனின் ஸ்கொயர் டீல் என்ற மாடலுக்கு டைகூடத் தனி. ஐந்து வகைத் தோட்டாவுக்கு மாற்றுப் பாகங்கள் வாங்கிவிட்டவர், வேறு நிறத்துக்குப் போனால் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். அவர் நீலத்தைப் புகழ்வது பற்றினாலா, வெளியேற முடியாததாலா என்று அவருக்கே தெரியாது.

தரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பிரஸ்ஸிலிருந்து தொடங்கலாம். நல்ல பிரஸ்ஸுக்கு இரண்டு இலக்கணம். அழுத்தும்போது சட்டம் வளையக்கூடாது. தண்டு தன் குழாய்க்குள் ஆடக்கூடாது. ஓ எழுத்துப்போல மூடிய வார்ப்பிரும்புச் சட்டம், சி போலத் திறந்த சட்டத்தைவிட வளைவதற்கு இடம் தராது. சட்டம் வளைந்தால் ஒரு கூடு ஒரு அளவிலும் அடுத்தது வேறு அளவிலும் வரும். லீயின் மலிவான அலுமினிய பிரஸ்ஸை இதற்காகத்தான் குறை சொல்கிறார்கள். பெரிய ரைஃபிள் கூடுகளைச் சுருக்கும்போது அந்தக் குறையில் உண்மை உண்டு. 9 மி.மீ. போன்ற சின்னக் கூடுகளுக்கு அது பெரும்பாலும் பொருட்டே அல்ல. அதே லீ, கிளாசிக் காஸ்ட் என்ற வார்ப்பிரும்புப் பிரஸ்ஸையும் விற்கிறது. திடமான கருவி, விலையும் குறைவு. நிறத்தைப் பார்த்து ஒதுக்கியவருக்கு அது கண்ணில் படாது.

டைகளில் கதை இன்னும் சுவையானது. துல்லியப் போட்டிக்காரர்கள் குண்டும் கூடும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். தோட்டாவைச் சுழற்றினால் முள் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் கணக்கு. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு ஆடினாலே முகம் சுளிப்பார்கள். நியூயார்க் மாநிலத்து கோர்ட்லண்டில் 1946 முதல் இருக்கும் ரெடிங், இந்தத் துறையில் பெரிய பெயர், விலையும் அதற்கேற்றபடி. ஆனால் மலிவுக்குப் பெயர்போன லீ செய்யும் காலெட் டை, கூட்டின் கழுத்தை ஒரு நேரான தண்டின் மேல் சுற்றிலும் நெருக்கிச் சுருக்குகிறது. கழுத்துக்குள் உருண்டையை இழுத்து விரிக்கும் வழக்கமான முறையில் வரக்கூடிய கோணல் இதில் குறைவு. ரெடிங், ஃபார்ஸ்டர் போன்ற விலை உயர்ந்த பிராண்டுகள் நிறைந்த மேசைகளில் இந்த ஒரு சிவப்பு டை மட்டும் இடம்பிடித்திருப்பது அதனால்தான்.

அப்படியானால் லீயின் மேல் வரும் குறைகள் பொய்யா? இல்லை. பிரைமர் ஊட்டும் சின்னஞ்சிறு பாகங்கள், பிளாஸ்டிக் மூடிகள், மெல்லிய வார்ப்புகள் ஆகியவற்றில் மிச்சம் பிடித்தது தெரியும். அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய தொடர்நிலைப் பொறி வைத்திருப்பவர்கள் சொல்லும் நியாயமான புகார். இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவதில் இன்பம் காண்பவருக்கு அது சுமையல்ல. சனிக்கிழமை போட்டிக்கு வெள்ளி இரவு 500 தோட்டா தேவைப்படுபவருக்கு அது பெரும் சுமை.

தராசுக்கு வருவோம். பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவது இதுதான். மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியதும் இதுதான். மருந்தை கிரெயின் என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். 9 மி.மீ. தோட்டாவுக்கு மொத்த மருந்தே சில கிரெயின்தான். அதில் ஒரு கிரெயின் கூடினால் ஐந்தில் ஒரு பங்கு கூடியதுபோல. பழைய ஆர்.சி.பி.எஸ்., லைமன் முள்தராசுகளில் பலவற்றைச் செய்து கொடுத்தது ஓஹாஸ் என்ற தராசு நிறுவனம். பச்சைப் பெட்டிக்குள்ளும் ஆரஞ்சுப் பெட்டிக்குள்ளும் ஒரே கை.

அந்த முள்தராசின் முன் உட்கார்ந்து பார்த்தால் பொறுமை என்னவென்று தெரியும். கிண்ணத்தில் மருந்தைச் சொரிந்ததும் கோல் மேலும் கீழுமாக ஆடும். காந்தம் அதன் ஆட்டத்தை மெல்ல அடக்கும். முள் பூஜ்ஜியக் கோட்டை நெருங்கி, தாண்டி, திரும்பி வந்து நிற்கும். மின்விசிறி ஓடினால் நிற்காது. கண்ணை முள்ளின் மட்டத்துக்கு இறக்கித்தான் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கோடு மாறித் தெரியும். மலிவான மின்னணுத் தராசு எண்ணை உடனே காட்டிவிடும். ஆனால் சூடேறும்வரை அதன் எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்; அது நகர்வதை நாம் கவனிக்காமல் விட்டுவிடலாம். எந்தத் தராசாக இருந்தாலும், சரிபார்ப்பு எடைக்கற்கள் ஒரு தொகுதி இல்லாமல் அதை நம்பக்கூடாது. அந்தக் கற்களின் விலை மற்ற கருவிகளின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

பெயர் உயிரைக் காக்கும் இடம்

கருவிகளில் நிறத்தைக் கலக்கலாம் என்றேன். மருந்தில் அப்படியே செய்தால் விபரீதம். இங்கே பெயர் விளம்பரமல்ல, அடையாளம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன் என்ற கான்சாஸ்காரர், ராணுவத்தில் மிஞ்சிய 4895 என்ற மருந்தை வாங்கி மறுநிரப்புவோருக்கு விற்றார். அந்தத் தொழில் வளர்ந்து இன்று பெரிய நிறுவனம். இப்போது ஐ.எம்.ஆர். என்ற பிராண்டில் ஐ.எம்.ஆர். 4895 என்றும், ஹாட்ஜ்டன் பெயரில் எச் 4895 என்றும் இரண்டு மருந்துகள் உண்டு. எண் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. எரியும் வேகம் வேறு. 4350 என்ற எண்ணிலும் இதே நிலைமை: ஐ.எம்.ஆர்., எச், அக்யூரேட் என மூன்று பெயரில் மூன்று மருந்து. எண்ணை மட்டும் பார்த்து ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் துப்பாக்கி தாங்காமல் போகலாம்.

நேரெதிர் நிலையும் உண்டு. எச்பி-38 என்று ஹாட்ஜ்டன் விற்பதும் வின்செஸ்டர் 231 என்று விற்கப்படுவதும் ஒரே மருந்து. எச் 110-உம் வின்செஸ்டர் 296-உம் அப்படியே. நிறுவனமே இதைச் சொல்லியிருக்கிறது. துல்லியச் சுடுதலில் கொண்டாடப்படும் எச் 4350 உண்மையில் ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் ஏ.ஆர். 2209 என்ற பெயரில் பிறப்பது. '231 சுத்தமாக எரியும், எச்பி-38 அப்படியில்லை' என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் டப்பாவைச் சுவைத்திருக்கிறார், மருந்தை அல்ல. ஆயினும் புதியவருக்கு ஒரே விதிதான்: மருந்தின் அளவுகளைத் தரும் மறுநிரப்புக் கையேட்டில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அந்த டப்பாவை மட்டும் எடுக்க வேண்டும், தொடக்க அளவிலிருந்து மேலே போக வேண்டும்.

பிரைமரில் பிராண்டுப் பற்றுக்கு முழுக்க முழுக்க இயந்திரக் காரணம் இருக்கிறது. ஃபெடரல் பிரைமர் எளிதில் வெடிக்கும், சி.சி.ஐ. சற்றுக் கடினம். ரிவால்வர் போட்டிக்காரர்கள் விசையை இலகுவாக்கச் சுத்தியலின் வில்லைத் தளர்த்திவிடுவார்கள். அந்த மெல்லிய அடிக்குத் தப்பாமல் வெடிக்க அவர்களுக்கு ஃபெடரல்தான் வேண்டும். அதே காரணத்தால்தான் ஃபெடரலை ஒன்றோடொன்று உரசாதபடி பெரிய பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். இத்தனைக்கும் இரண்டு பிராண்டும் பல ஆண்டுகளாக ஒரே முதலாளியின் கீழ்தான் இருக்கின்றன.

மனம் போடும் கணக்கு

1956-இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பெண்களிடம் வீட்டு உபயோகப் பொருள்கள் சிலவற்றைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி மதிப்பெண் கேட்டபோது, எடுத்துக்கொண்ட பொருளுக்கு மதிப்பெண் ஏறியிருந்தது, விட்ட பொருளுக்கு இறங்கியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தபோதுதான் இந்த மாற்றம் பெரிதாக இருந்தது.

நிறச் சண்டைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். சுத்தியலால் தட்டும் லீ லோடருக்கும் டில்லன் தொடர்நிலைப் பொறிக்கும் எது மேல் என்று யாரும் சண்டை போடுவதில்லை; வித்தியாசம் கண்முன் நிற்கிறது. நடுத்தர விலையில் அருகருகே நிற்கும் பச்சைப் பிரஸ்ஸுக்கும் சிவப்புப் பிரஸ்ஸுக்கும்தான் சண்டை கடுமை. வித்தியாசம் சிறிதாக இருக்கும் இடத்தில்தான் மனம் அதைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. யாராவது ஒரு பிராண்டை மிகக் காட்டமாகத் திட்டினால், 'எந்த மாடல், எந்தப் பாகம், எத்தனை தோட்டாவுக்குப் பிறகு பழுதானது?' என்று கேட்க வேண்டும். பதில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம். நிறம் மட்டும் பதிலாக வந்தால் கடந்துபோய்விடலாம்.

முதல் கருவியைத் தேர்வதற்கு முன்

மாதத்துக்கு எத்தனை தோட்டா சுடுவீர்கள் என்பதே முதல் கேள்வி. ஒற்றைநிலைப் பிரஸ்ஸில் நிதானமாக வேலை செய்தால் மணிக்கு 50 முதல் 100 வரை நிரப்பலாம். டில்லன் 550 போன்றவற்றில் 500 வாக்கில் போகலாம். ஆனால் 550-இல் தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். கவனம் சிதறித் திருப்ப மறந்தால் ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழும், 9 மி.மீ. கூட்டில் இரட்டை மருந்துக்கும் இடம் இருக்கிறது. தட்டு தானே திரும்பும் பொறிகளில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவை கூடிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் பலர், எந்த நிறத்துக்காரராக இருந்தாலும், முதலில் ஒற்றைநிலைப் பிரஸ்ஸில் கை பழகச் சொல்கிறார்கள். 50 கூடுகளை மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, மருந்து போட்டு, விளக்கைச் சாய்த்து ஒவ்வொன்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே குண்டை வைக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

பிரஸ்ஸைப் புதிதாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய வார்ப்பிரும்புப் பிரஸ்கள் நிறையக் கைமாறுகின்றன. நெம்புகோலை இழுத்துத் தண்டை மேலே ஏற்றி, இரண்டு விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் தெரியும்படி ஆடினால் தேய்ந்துவிட்டது. தலையிலுள்ள மரையில் ஒரு டையைக் கையாலேயே முறுக்கிப் பாருங்கள். சிக்காமல் இறங்க வேண்டும். சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று இணைப்பு ஊசிகளின் அருகே பாருங்கள். மேலே துரு இருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மிச்சமான பணத்தில் நல்ல தராசும் சரிபார்ப்பு எடைக்கற்களும் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் மறுநிரப்புக் கையேடுகளும் வாங்குங்கள்.